நூற்று நாற்பத்தைந்து புள்ளி குறைக்கும்படி ஒரு மனு

பல்லக்காவிடம் யாராவது வாயைத் திறந்து காட்டினால் அவருக்குக் கோபம் வரும். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவதை வைத்துப் பல் செய்து கொடுப்பவர். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் வடிவம் பிடித்து, சூளையில் சுட்டு, சின்னப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் அந்தப் பல்லுக்கும் அவருக்கும் உறவு முடிந்தது. அது யார் வாய்க்குள் போய் உட்கார்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் டேபிள் டென்னிஸ் கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே ஒருவர் கன்னத்தை இழுத்துக் கடைவாய்ப் பல்லைக் காட்டி, "இது ஆடுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டார். "டாக்டர்கிட்ட போகலாம்" என்று சொல்லிவிட்டு இவர் பேட்டைத் துடைக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து பல்லக்கா.

சொந்த நாட்டை விட்டு இந்தப் புது நாட்டுக்கு அவர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வரும்போது நாற்பத்தொரு வயது. கூட வந்தவர்கள் கணவரும், கணவரின் தங்கையும். முதல் இரண்டு வருடம் பேட்டை வெளியே எடுக்கவே நேரமில்லை. இருபது வருட அனுபவம் இருந்தும் புதிதாகப் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, லேபில் கடைசி மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஊற்றிய பிளாஸ்டரின் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தார். மூன்றாவது வருடம் சொந்த மேசை கிடைத்தது. அந்த வாரமே கிளப்பைத் தேடிப் போனார்.

பார்சல் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது கிளப். ஆறு மேசை, பச்சைத் தரை, ஒரு பக்கம் மட்டும் சூடு தருகிற ஹீட்டர். கீழே லாரி பின்னால் நகரும்போதெல்லாம் 'பீப் பீப்' என்று சத்தம் வரும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டு சர்வ் போடுவதை நிறுத்துவார்கள். பழையவர்கள் நிறுத்தமாட்டார்கள்.

அவரிடம் ஓர் எண் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. பழைய நாட்டில் அவருடைய புள்ளி அது. யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை, ஆனால் ஒருநாளும் மறந்ததில்லை. அங்கே டேபிள் டென்னிஸ் என்றால் போட்டிகள்தான். மாதம் ஒரு போட்டி. ஜெயித்தால் தோற்றவரிடமிருந்து புள்ளி வரும், தோற்றால் போகும். புது நாட்டில் முறையே வேறு. இங்கே லீக். ஏழு நிலைகள், ஒன்று உச்சி, ஏழு அடி. ஒவ்வொரு கிளப்புக்கும் இரண்டு மூன்று அணி, ஒவ்வொரு அணியும் ஒரு நிலையில். ஆட்டக்காரர்களுக்கு இங்கேயும் புள்ளி உண்டு. யார் எந்த அணியில் ஆடலாம் என்பதை அந்தப் புள்ளிதான் முடிவு செய்யும்.

"அப்போ நீங்க மேல ஏற ஏற ஒரு நம்பர் கூடும், இன்னொரு நம்பர் குறையும்" என்றாள் நாத்தனார். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவள், எண்களோடு அவளுக்குத் தினசரிப் பழக்கம். "இந்த ஊர்ல எதைத்தான் நேரா வச்சிருக்காங்க அண்ணி?"

கிளப்பின் முதல் அணி மூன்றாம் நிலையில் ஆடியது. அதற்குத் தலைவர் ஒரு பஸ் ஓட்டுநர். எல்லாருக்கும் டிரைவர் அண்ணன், இவரைவிடச் சின்னவராக இருந்தும் இவருக்கும் அப்படித்தான். பல்லக்கா ஆடுவதை இரண்டு மாலை பார்த்துவிட்டு, இரண்டாம் அணியில் போடலாம் என்றார் அவர். இரண்டாம் அணி ஐந்தாம் நிலை.

இவருக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாள் ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் இணையத்தில் கைமாற்றிக்கொள்ளும் அட்டவணை அது. எந்த நாட்டுப் புள்ளி எந்த நாட்டில் எந்த நிலைக்குச் சமம் என்று யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருடத்துக்கு முன் கணக்குப் போட்டு வைத்தது. அதன்படி அங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தால் இங்கே ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. அதாவது மூன்றாம் நிலை. தாளில் அந்த வரியை இவர் மஞ்சள் பேனாவால் தடவியிருந்தார்.

"நான் ஐந்தாம் நிலை இல்லை" என்றார்.

டிரைவர் தாளை இரண்டு முறை படித்தார். அவருக்கும் முதல் அணிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. லீக்கை நடத்தும் சங்கத்தில் பட்டியல் வைத்திருப்பவருக்கு அனுப்பினார்கள். அவரும் அந்த அட்டவணையைத்தான் வழக்கமாகப் பார்ப்பார். ஆயிரத்து ஐந்நூற்று அறுபது என்று பதிவானது. பல்லக்கா முதல் அணியில் இரண்டாம் இடம்.

பட்டியல் ஒருமுறை பதிவானால் வருடம் முழுக்க அதுதான். முதல் அணிப் பட்டியலில் இருப்பவர் இரண்டாம் அணிக்கு இறங்கி ஆட முடியாது. ஆரம்பப் புள்ளியே தவறு என்று பாதிப் பருவத்துக்குள் நிரூபித்தால் மட்டும் மாற்றலாம். அப்போது அந்த விதியை இவர் படிக்கவில்லை. படிக்க என்ன அவசியம்?

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை லீக் ஆட்டம். முதல் சனிக்கிழமை மதியம் இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி. சரி, முதல் நாள். இரண்டாவது சனிக்கிழமை இரண்டு. மூன்றாவதில் இரண்டு. எதிரே நின்றவர்கள் பந்தைச் சுழற்றித் தூக்கி அடித்தார்கள். இவர் பேட்டில் பட்ட பந்து மேசையைத் தாண்டி, தடுப்பைத் தாண்டி, ஹீட்டருக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. பழைய நாட்டில் இவருடைய பலமே எதிராளியின் வேகத்தை வாங்கித் திருப்பித் தருவதுதான். இந்தச் சுழலை வாங்கினால் திருப்பித் தர முடியவில்லை. ஆறு ஆட்டத்தில் மொத்தம் இரண்டு செட் எடுத்திருந்தார். அணி கடைசி இடத்துக்கு வந்துவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை முடிந்து வலையைக் கழற்றும்போது டிரைவர் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் குறை இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த தடவை வேணா நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. மாத்து ஆள் ஒருத்தர் இருக்கார்."

"எத்தனை தடவைக்கு?"

டிரைவர் வலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "பாக்கலாம்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தார். படித்து முடித்ததும் விஷயம் விளங்கியது. முதல் அணியில் ஆட வைக்க மாட்டார்கள், இரண்டாம் அணியில் ஆட விட மாட்டார்கள். வருடம் முழுக்கப் பெஞ்சு. மூன்று வருடம் காத்திருந்து எடுத்த பேட்டைத் திரும்பவும் அலமாரிக்குள் வைக்க வேண்டியதுதான்.

கணவருக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு போர்வை மடித்துவிட்டு வருகிற மனிதர். "விடும்மா, ஒரு வருஷந்தானே" என்றார். ஒரு வருஷந்தானே என்று சொல்லிச் சொல்லித்தான் மூன்று வருடம் போனது என்று இவர் சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவுவதில் அதைக் காட்டினார்.

திங்கட்கிழமை லேபில் ஒரு பல் திரும்பி வந்திருந்தது. நிறம் பொருந்தவில்லை என்று டாக்டரின் குறிப்பு. பல்லின் நிறத்துக்கு எண் உண்டு. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி நிற அட்டை வைத்திருக்கிறது. இந்த அட்டையில் மூன்று என்பது அந்த அட்டையில் மூன்று இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண் எண்ணை மட்டும் பார்த்துச் செய்துவிட்டாள். பல்லக்கா அவளிடம், எண்ணைப் பார்க்காதே, எந்த அட்டை என்று முதலில் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். அந்தப் பெண் திட்டு அவ்வளவுதானா என்று காத்திருந்தாள்.

எந்த அட்டை?

மதிய இடைவேளையில் கைபேசியில் அந்த அட்டவணையைத் திறந்து, மஞ்சள் தடவாத வரிகளையும் முதல் தடவையாகப் படித்தார். அடிக்குறிப்பில் இருந்தது. பதினொரு பேரின் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டது. பதினொரு பேரும் ஆண்கள். பழைய நாட்டில் ஆண்களுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்கு ஒரு பட்டியல். பெண்களின் புள்ளி பெண்களுக்குள்ளேயே சுற்றும். இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. இங்கே எல்லாரும் ஒரே பட்டியல். இவர் தன் பெண்கள் புள்ளியை ஆண்களின் அட்டவணையில் வைத்துப் பார்த்து, மஞ்சள் அடித்து, தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பல்லில் இருபது வருடமாகத் தெரிந்த விஷயம் பந்தில் தெரியாமல் போய்விட்டது.

ஒரு நாள் தன்னையே திட்டிக்கொண்டார். அதற்கு மேல் நேரமில்லை. பாதிப் பருவம் முடிய ஐந்து வாரம் இருந்தது.

வேண்டியது இதுதான்: பழைய நாட்டில் பெண்கள் பட்டியலில் புள்ளி வைத்திருந்து, இங்கே வந்து லீக்கில் ஆடுகிறவர்கள். இரண்டு நாட்டிலும் காலூன்றியவர்கள். பழைய போட்டி முடிவுகளையும் இங்குள்ள பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகத் தேடினார். கல்யாணமாகிப் பெயர் மாற்றியவர்கள் வேறு கழுத்தறுத்தார்கள். ஒரு வாரத்தில் ஆறு பேர் கிடைத்தார்கள். ஆறு பேருக்கும் எழுதினார். நான்கு பேர் பதில் போட்டார்கள்.

அதில் ஒருவர் பழைய எதிராளி. அங்கே ஏழு தடவை மோதி ஏழு தடவையும் இவரிடம் தோற்றவர். அங்கே ஆயிரத்து எழுநூற்று ஐம்பது வைத்திருந்தவருக்கு இங்கே ஆயிரத்து இருநூற்று எழுபதுதான். இங்குள்ள பட்டியலில் அதைப் பார்த்தபோது, சோம்பேறி, பயிற்சியை விட்டிருப்பாள் என்றுதான் இவர் நினைத்தார். அவர் எழுதியிருந்தது: "நானும் அந்த அட்டவணையை நம்பித்தான் சேர்ந்தேன். நாலாம் நிலையில போட்டாங்க. அந்த வருஷம் முழுக்க பெஞ்சுல உக்காந்தேன். யார்கிட்டயும் கேக்கத் தோணல. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் பேட்டைத் தொடவே இல்ல. நீ விடாத."

நாலு பேரின் பழைய புள்ளியிலிருந்து புதுப் புள்ளியைக் கழித்தார். நானூற்று எண்பது, நானூற்று எழுபத்தைந்து, ஐந்நூறு, ஐந்நூற்று ஒன்பது. சராசரி நானூற்றுத் தொண்ணூற்று ஒன்று. தன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறிலிருந்து அதைக் கழித்தால் ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து. அட்டவணை கொடுத்ததைவிட நூற்று நாற்பத்தைந்து குறைவு. ஐந்தாம் நிலை. டிரைவர் இரண்டு மாலையில் கண்ணால் பார்த்துச் சொன்ன அதே ஐந்தாம் நிலை.

"நாலு பேரை வச்சு ரெண்டு நாட்டையும் அளந்துட்டீங்க" என்றாள் நாத்தனார்.

"அந்தாள் பதினொரு பேரை வச்சு அளந்தான். அதை எல்லாரும் நம்பலையா?"

"நம்பித்தானே இந்த நிலைமை."

பல்லக்கா மனுவை எழுத உட்கார்ந்தார். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் தவறு எங்கே நடந்தது, அதைச் செய்தது யார் என்று எழுதினார்; செய்தது நான்தான் என்பதைத் தனி வாக்கியமாகப் போட்டார். இரண்டாம் பக்கத்தில் நாலு பேரின் புள்ளிகள். மூன்றாம் பக்கத்தில், யாரும் கேட்காத ஒன்று. உண்மையில் ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து உள்ள ஆள் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது உள்ளவர்களோடு ஆடினால், சங்கத்தின் வாய்ப்பாட்டுப்படி பத்து ஆட்டத்தில் ஒன்று ஜெயிக்க வேண்டும். 'இதுவரை ஆறு ஆடி ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆறு ஆட்டம் போதாது. ஆகவே என் தோல்விகளை ஆதாரமாக நான் காட்டவில்லை.'

கணவர் படித்துப் பார்த்து, கடைசி வரி நமக்கு எதிராக இருக்கிறதே என்றார். எதிராக இருந்தாலும் அது சரி என்றார் இவர்.

பட்டியல்காரர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். இருபத்திரண்டு வருடமாகச் சங்கத்தின் பட்டியல் அவர் கையில். மனு கிடைத்ததும் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, எம் பட்டியல்ல புள்ளியைக் குறைக்கச் சொல்லி இதுவரைக்கும் நாப்பது பேர் வந்திருக்காங்க. நாப்பது பேரும் கீழ இறங்கி, சின்னப் பசங்களை அடிச்சு, கப்பைத் தூக்கிட்டுப் போக வந்தவங்க."

"நான் நாப்பத்தொண்ணாவது ஆள்னு வச்சுக்கங்க சார். ஆனா கணக்கைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"கணக்கு தாள்ல நல்லாத்தான் இருக்கும். நான் வந்து நேர்ல பாக்கறேன்."

எப்போது என்று சொல்லாமல் வைத்துவிட்டார்.

இதற்குள் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஆட்களைத் தேடத் தொடங்கியபோதே, மனு முடிகிற வரைக்கும் தன் இடம் முதல் அணிதான், அதில் ஆடுவேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். ஆனால் சும்மா வந்து தோற்பதற்கில்லை, அந்தச் சுழலை வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும், காலையில் அரை மணி நேரம் தரமுடியுமா என்று கேட்டார். டிரைவரின் முதல் பஸ் எட்டு மணிக்கு. இவர் லேபும் எட்டு மணிக்கு. ஏழேகாலுக்குக் கிடங்கு மாடியில் டிரைவர் சீருடையோடு நின்று சுழற்றிச் சுழற்றி அடித்தார். பேட்டைக் கவிழ், இன்னும் கவிழ், பந்து உங்களைக் கடிக்காது அக்கா என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் வாரம் பத்துப் பந்தில் எட்டு வெளியே போனது. மூன்றாவது வாரம் நாலு.

நான்காவது சனிக்கிழமை இரண்டும் தோல்வி. ஆனால் ஒன்றில் இரண்டு செட் எடுத்தார். மொத்தம் எட்டுக்கு எட்டும் தோல்வி.

ஐந்தாவது சனிக்கிழமை மதியம் மாடிப்படியில் மெதுவாக யாரோ ஏறி வந்தார். கையில் மடக்கு நாற்காலி, காதில் பென்சில். மூலையில் நாற்காலியை விரித்து உட்கார்ந்து, மடியில் மனுவை வைத்துக்கொண்டார். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் ஆட்டம். பல்லக்கா மூன்று நேர் செட்டில் தோற்றார். ஆனால் ஒவ்வொரு செட்டும் இழுபறி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர்தான் பார்த்தார், பென்சில் ஏதோ குறித்தது.

இரண்டாவது ஆட்டம் ஒரு தச்சரோடு. நீளமான கை, தூக்கி அடித்தால் பந்து மேசையில் விழுந்து பாம்பாகச் சீறும். அந்த நிலையில் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர். ஆட்டம் தொடங்குமுன் டிரைவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிற சாக்கில் குனிந்தார்.

"இதையும் விட்டீங்கன்னா மனு பாஸ் அக்கா."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா அவரு சிரிச்சிட்டே எந்திரிச்சுப் போயிடுவாரு. நாப்பத்தொண்ணு."

பல்லக்கா பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார். "தோக்கறதுக்கா ஏழேகாலுக்கு எழுப்பி வரவச்சேன் உங்களை?"

முதல் செட் தச்சருக்கு. இரண்டாவதில் இவர் பேட்டைக் கவிழ்த்துப் பிடித்தார். சீறி வந்த பந்து பேட்டில் பட்டு, எதிர் மேசையின் மூலையில் தாழ்வாகப் போய் விழுந்தது. தச்சர் அதை எதிர்பார்க்கவில்லை. திரும்ப அடித்தார், திரும்பவும் வந்தது. மூன்று பந்துக்கு ஒன்றை இவர் வலைக்குப் பக்கத்தில் குட்டையாகப் போட்டார். நீளக்கை ஓடி வந்து குனிய வேண்டியிருந்தது. கீழே லாரி 'பீப் பீப்' என்றது. தச்சர் சர்வ் போடுவதை நிறுத்தினார், இவர் காத்திருந்தார். இரண்டாவது, மூன்றாவது செட் இவருக்கு. நான்காவது தச்சருக்கு. ஐந்தாவதில் ஒன்பதுக்கு ஒன்பது. அப்போது ஒரு கணம், மூலையில் இருக்கும் மடக்கு நாற்காலி நினைவுக்கு வந்தது. இரண்டு பந்தை வெளியே தட்டினால் போதும், அடுத்த தடவையிலிருந்து ஆட ஓர் இடம் உறுதி. அந்த நினைப்போடு சர்வ் போடக் கூடாது என்று பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார். நினைப்பு போன பிறகுதான் போட்டார். பதினொன்று ஒன்பது.

கிளப் ஆட்கள் கைதட்டினார்கள். தட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பட்டியல்காரர் எழுந்து வந்தார். "வாழ்த்துகள். மூன்றாம் நிலையில ஜெயிக்க முடியாதுன்னு எழுதியிருந்தீங்க."

"அப்படி எழுதலையே சார். மூணாம் பக்கம் பாருங்க."

அவர் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கிட்டே வைத்துப் படித்தார். டிரைவரும் எட்டிப் பார்த்தார்.

"பத்துல ஒண்ணு ஜெயிக்கணும்னு எழுதியிருக்கேன்" என்றார் பல்லக்கா. மூச்சு இன்னும் அடங்கவில்லை. "எட்டு ஏற்கெனவே போச்சு. இன்னைக்கு ஒண்ணு போச்சு. இது பத்தாவது."

பட்டியல்காரர் விரல்விட்டு எண்ணினார். மனுவின் தேதியைப் பார்த்தார். நான்காவது சனிக்கிழமைக்கு முந்தைய தேதி. "ஒருவேளை இன்னைக்கும் தோத்திருந்தா?"

"கணக்குல எனக்கே சந்தேகம் வந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, நாற்காலியை மடக்கிக்கொண்டு, அந்த நாலு பேரின் தொலைபேசி எண்கள் தனக்கு வேண்டும் என்று கேட்டார். பெண்களுக்குத் தனி அட்டவணை போட வேண்டியிருக்கிறதாம். நாலு போதாதாம், இன்னும் கிடைத்தால் அனுப்பச் சொன்னார். படியில் இறங்கும்போது நாற்காலி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. ஆயிரத்து நானூற்று முப்பது. இவர் கேட்டது ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து. தச்சரை ஜெயித்ததற்குப் பதினைந்து கூட்டியிருந்தார்கள். பல்லக்கா காகிதத்தில் சரிபார்த்தார். பதினாலு வர வேண்டும் என்று தோன்றியது.

"இன்னொரு மனு போட்டீங்கன்னா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்" என்றாள் நாத்தனார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாம் அணிக்காக ஐந்தாம் நிலையில் ஆடினார். ஒன்று ஜெயித்தார், ஒன்று தோற்றார். தோற்றது ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியாரிடம். அவர் இந்த நிலையில் பதினெட்டு வருடமாக ஆடுகிறவர், நிலையை மாற்றிக்கொள்கிற உத்தேசம் இல்லாதவர். இவருக்கு உத்தேசம் இருந்தது. பேட்டைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, பக்கத்து மேசையில் முதல் அணியின் ஆட்டம் முடியும் வரை நின்றார். டிரைவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்ததும், திங்கட்கிழமையிலிருந்து ஏழேகாலுக்குப் பதிலாக ஏழு மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்.